புல் வெட்டியவரின் பெயரில் ஒரு தேடல்: கல்லறைத் தோட்டத்தில் ஜியோகேச்சிங் செய்யப் புதியவர்களுக்கு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். ஊர் எல்லையில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக அங்கே புல் வெட்டி, குழி தோண்டி, சாய்ந்த கற்களை நிமிர்த்தி வந்த பெரியவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். அவருக்கு மரியாதை செய்ய உள்ளூர் நண்பர்கள் சிலர் ஒரு ஜியோகேச்சிங் தேடலை அமைத்தார்கள். நான் இந்த விளையாட்டுக்குள் வந்ததே அந்தத் தேடல் வழியாகத்தான். அப்புறம் பக்கத்து ஊரில் இதேபோல ஒன்றை அமைக்க நானும் உதவினேன். முதல்முறை போகிறவர் என்னென்ன செய்ய வேண்டும், இப்படி ஒன்றை அமைக்க விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் ஓரிடத்தில் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடி வந்து, பெட்டிக்குள் இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் கேச், தாளுக்குப் பெயர் லாக். பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்குப் போகும் சிக்னலை வேண்டுமென்றே பிசகாக்கி வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. உடனே மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு வைத்து, இடத்தின் எண்களை வெளியிட்டார். அதுதான் முதல் கேச். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங்.காம் தளம் வந்தது. இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் கேச்சுகள் இருக்கின்றன.

கல்லறைத் தோட்டத்துக் கேச்சுகள் அமெரிக்காவில் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. எங்கள் மாநிலத்தில் பழைய, மறந்துபோன கல்லறைகளுக்கு ஆட்களை அழைத்துப் போகும் ‘இண்டியானா ஸ்பிரிட் குவெஸ்ட்’ என்ற பெரிய வரிசையே உண்டு. ஒரு பராமரிப்பாளரை நினைவுகூரும் தேடல் இவற்றிலிருந்து ஓர் இடத்தில் வேறுபடுகிறது. இங்கே புதைக்கப்பட்டவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது, ஒரு மனிதர் கையால் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கல்லை நாம் கவனிப்பதில்லை, சாய்ந்து கிடந்தால்தான் கண்ணில் படும். நன்றாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதைப் பார்க்க வைப்பதற்குத்தான் இந்தத் தேடல்.

கிளம்புவதற்கு முன்

தளத்தில் கணக்கு திறக்கக் கட்டணம் இல்லை. சில கேச்சுகள் மட்டும் பணம் கட்டிய பிரீமியம் உறுப்பினர்களுக்கு. ஒவ்வொரு கேச்சுக்கும் ஜிசி என்று தொடங்கும் குறியீடு ஒன்று இருக்கும். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், நிலம் எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். முதல் தடவைக்கு இரண்டுமே 2க்கு மேல் போகாததாகப் பாருங்கள்.

நான் சொல்லும் வகைத் தேடல் பெரும்பாலும் ‘மல்ட்டி’யாக இருக்கும். அதாவது தளத்தில் உள்ள எண்கள் பெட்டிக்கு நேராகக் கொண்டுபோகாது. முதல் நிறுத்தத்தில் கிடைக்கும் தகவல் இரண்டாவதுக்கு அனுப்பும், அது மூன்றாவதுக்கு. அல்லது எல்லா நிறுத்தங்களிலும் எண்களைச் சேகரித்துக் கடைசியில் கணக்குப் போட வேண்டியிருக்கும். அதனால் தளத்தில் உள்ள விவரக் குறிப்பை வீட்டிலேயே ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். பாதிப் பேர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அங்கே போய்த் திண்டாடுகிறார்கள். பராமரிப்பாளர் யார், எத்தனை காலம் இருந்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும். அது தெரியாமல் போனால் நீங்கள் எண்களைத்தான் பொறுக்கிவருவீர்கள்.

கையில் பேனா கட்டாயம் வேண்டும். சிறிய பெட்டிகளில் பேனா இருக்காது. குறித்துக்கொள்ள நோட்டு, கைபேசிக்குக் கூடுதல் மின்சாரம் தரும் பவர் பேங்க், தண்ணீர், ஒரு சின்னக் கண்ணாடி அல்லது டார்ச் (எதற்கென்று பிறகு சொல்கிறேன்), குப்பைக்கு ஒரு பை. கோடையில் முழுக்கால் சட்டை போடுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், வேலியோரம் மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

பல கல்லறைத் தோட்டங்கள் காலையில் வெளிச்சம் வந்ததிலிருந்து பொழுது சாயும் வரைதான் திறந்திருக்கும். வாசலில் பலகை இருக்கும், அதைப் படியுங்கள். இரவில் டார்ச்சோடு கல்லறைகளுக்கு நடுவே நடமாடுகிற ஆளைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடுவார்கள், அதில் தவறும் இல்லை. மே மாதக் கடைசித் திங்கள்கிழமை மெமோரியல் டே, போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூரும் நாள். அந்த வாரமும் அதற்கு முந்தைய வாரமும் போகாதீர்கள். குடும்பங்கள் பூ வைக்க வருவார்கள். பராமரிப்பாளருக்கு வருடத்திலேயே வேலை அதிகமுள்ள நாட்களும் அவைதான்.

உள்ளே நடக்கும்போது

வண்டியைப் பாதை மேலேயே நிறுத்துங்கள், புல்லில் ஏற்ற வேண்டாம். அடக்கம் நடந்துகொண்டிருந்தால், அல்லது யாராவது ஒரு கல்லின் முன் தனியாக நின்றுகொண்டிருந்தால், அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். பெட்டி எங்கும் போய்விடாது. பிள்ளைகளை அழைத்துப்போகலாம், நானும் அழைத்துப் போகிறேன். ஓடக்கூடாது, கல்லின் மேல் சாயக்கூடாது, ஏறக்கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுவேன். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. நூற்றைம்பது வருடப் பழைய கல் ஒன்று பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் மண் அரித்திருக்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கல் குழந்தையின் மேல் சாய்ந்தால் என்ன ஆகும்? தரையிலும் கவனம் வேண்டும். கிரவுண்ட்ஹாக் என்ற பிராணி இங்கே கல்லறைகளுக்கு இடையே வளை தோண்டும். என் கணுக்கால் ஒருமுறை அதில் சுளுக்கிக்கொண்டது.

சரி, முதல் நிறுத்தத்துக்குப் போங்கள். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே இன்னும் அதிகம். அம்புக்குறி பூஜ்யம் காட்டும் வரை அலைய வேண்டியதில்லை. பத்து மீட்டருக்குள் வந்ததும் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

நல்ல கல்லறைத் தேடலில் நிறுத்தங்களில் பெட்டி எதுவும் இருக்காது. கல்லில் ஏற்கெனவே செதுக்கியிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் துப்பு. அதனால் எதையும் தூக்கிப் பார்க்கவோ தோண்டவோ தேவையே வராது. கல்லின் மேல் நாணயம் இருந்தால் தொடாதீர்கள், அது படைவீரரைப் பார்க்க வந்தவர் வைத்துப்போனது. யூதர்களின் கல்லறைகளில் கூழாங்கற்கள் இருக்கும், அவையும் அப்படித்தான். சில நினைவுச்சின்னங்கள் நீலச் சாம்பல் நிறத்தில், எழுத்து மழுங்காமல், நேற்றுச் செய்தவை போல நிற்கும். தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும். அவை துத்தநாகம். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ‘வெள்ளை வெண்கலம்’ என்ற பெயரில் வார்த்து விற்றவை. அவற்றின் பக்கத் தகடுகள் திருகாணியால் பொருத்தப்பட்டவை. அந்தத் திருகாணியைப் பார்த்ததும், பெட்டி உள்ளேதான் இருக்கும் என்று புதியவர்கள் கழற்றிப் பார்க்க நினைப்பார்கள். ஒருபோதும் அங்கே இருக்காது.

எழுத்தைப் படிப்பதுதான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் மழையில் கரைந்து எழுத்து மங்கியிருக்கும். அப்போது கண்ணாடியால் சூரிய ஒளியைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து, மேற்பரப்பை உரசுவது போலப் பாய்ச்சுங்கள். மேகமாக இருந்தால் டார்ச். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து, எதுவுமே இல்லாதது போல இருந்த கல்லில் ஒரு பெயர் மேலெழுந்து வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது என் மகள் கைதட்டினாள். ஷேவிங் க்ரீம் தடவினால் தெளிவாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உள்ள அமிலம் கல்லின் துளைகளில் தங்கிவிடும். சாக்குக்கட்டி, ப்ளீச், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். எங்கள் பெரியவர் பயன்படுத்தியது நிறையத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டுமே. அதையும் அனுமதி வாங்காமல் நாம் செய்யக்கூடாது.

துப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ‘கான்சார்ட்’ என்றால் கணவர் உயிரோடிருக்கும்போதே இறந்த மனைவி. ‘ரெலிக்ட்’ என்றால் கணவர் இறந்தபின் வாழ்ந்த கைம்பெண். பிறந்த தேதி இல்லாமல், இறந்த தேதியும் வயதும் மட்டும் இருப்பது மிகச் சாதாரணம். 1863 மார்ச் 14 இறப்பு, வயது 42 வருடம் 3 மாதம் 7 நாள் என்றிருந்தால் பிறந்தது 1820 டிசம்பர் 7. வருடத்தை முதலில் கழித்து, அப்புறம் மாதம், கடைசியாக நாள் என்று போங்கள். ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தால் அது குழந்தையின் கல்லறை. முறிந்த தூண் என்றால் இளவயதில் போனவர். மரத்தண்டு வடிவில் பட்டை, கிளைவெட்டு எல்லாம் அச்சாகச் செதுக்கிய கல்லைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். தெற்கு இண்டியானாவின் பெட்ஃபோர்ட் பகுதிச் சுண்ணாம்புக்கல்லும் அங்கிருந்த சிற்பிகளின் கையும் சேர்ந்து செய்தவை அவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்களின் அரசுக் கல்லில் கேடயம் போன்ற ஒரு பள்ளம் இருக்கும், அதற்குள் பெயர் புடைத்து நிற்கும்.

இனிப் பராமரிப்பாளரின் வேலையைப் பார்க்கும் வழி. கல்லின் அடிப்பாகத்தைப் பாருங்கள். நைலான் கயிறு சுழலும் புல்வெட்டியைக் கல்லோடு ஒட்டி ஓட்டினால், சலவைக்கல்லில் வெள்ளைக் கோடாக வெட்டு விழும். எங்கள் தோட்டத்தின் பழைய பகுதியில் அந்தக் கோடு எங்குமே இல்லை. அவர் கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கையால் கத்தரித்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை. தேடலின் நான்காவது நிறுத்தத்தில் கேட்கும் கேள்வி இதுதான்: ‘இந்த வரிசையில் வெட்டுக்கோடு உள்ள கற்கள் எத்தனை?’ விடை பூஜ்யம். குனிந்து வரிசை முழுவதும் பார்த்த பிறகுதான் அந்தப் பூஜ்யத்தை எழுத முடியும்.

கணக்கும் பெட்டியும்

எண்கள் கிடைத்ததும் சூத்திரத்தில் போடுங்கள். உதாரணமாக, வாசல் வளைவில் 1874 என்றிருந்தால் அதன் கடைசி இலக்கம் அ, அதாவது 4. தண்ணீர் பம்பின் அடித்தகட்டில் ஆறு போல்ட் இருந்தால் ஆ என்பது 6. ஆட்டுக்குட்டிக் கல்லில் 5 மாதம் என்றிருந்தால் இ என்பது 5. வடக்கு எண்ணின் (அட்சரேகையின்) நிமிடத்தில், அதாவது டிகிரியின் அறுபதில் ஒரு பங்கில், புள்ளிக்குப் பின் அ, ஆ, இ என்று வரும் மூன்று இலக்கங்கள் 465. மேற்கு எண்ணுக்கும் இதே முறை. நல்லவர் அமைத்த தேடலில் ‘மூன்றையும் கூட்டினால் 15 வர வேண்டும்’ என்று ஒரு சரிபார்ப்பும் இருக்கும்.

இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வடக்குத் தெற்காக 1.85 மீட்டர். மங்கிய 4ஐ 1 என்று படித்துவிட்டால் முந்நூறு பங்கு தவறு, ஏறத்தாழ 555 மீட்டர். யாரோ ஒருவரின் மக்காச்சோள வயலுக்குள் போய் நிற்பீர்கள். கைபேசியில் எண்ணை உள்ளிடும்போது அது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற வடிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தசம டிகிரியில் உள்ளிட்டால் வேறெங்கோ காட்டும்.

பெட்டி கிடைத்ததும் லாக் தாளில் தேதியும் உங்கள் தளப்பெயரும் எழுதுங்கள். உள்ளே சிறு பொருட்கள் இருந்தால் ஒன்றை எடுக்கலாம், அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். உலோகத் தகடு கோத்த டிராவல் பக் இருந்தால் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளக்கூடாது. அது ஊர் ஊராகப் போக வேண்டிய பொருள், எடுத்தால் இன்னொரு கேச்சில் கொண்டுபோய் வையுங்கள். பெட்டியைக் கண்டபடியே மூடி, மறைத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வரும் வழியில் காற்றடித்துப் போட்ட பிளாஸ்டிக் பூக்கள், பைகளைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஆனால் கல்லோடு சாய்ந்திருக்கும் பூ எவ்வளவு வாடியிருந்தாலும் அதை எடுப்பது நம் வேலையில்லை.

அன்று இரவே தளத்தில் பதிவு எழுதுங்கள். கிடைக்கவில்லையென்றாலும் எழுதுங்கள், பெட்டி காணாமல் போயிருந்தால் அமைத்தவருக்கு அப்படித்தான் தெரியவரும். இந்த வகைத் தேடலில் ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். எங்கள் ஊரில் அந்தப் பதிவுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படத்தில் விடை தெரியக்கூடாது, சமீபத்திய கல்லறைகளில் உள்ள பெயர்களும் தெரியக்கூடாது.

நீங்களே ஒன்றை அமைக்க

முதலில் இருபது, முப்பது கேச்சுகளையாவது தேடிக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். எங்கே மறைத்தால் நனையும், எப்படிக் கேட்டால் குழப்பும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

அடுத்தது அனுமதி. இதுதான் மிக முக்கியம், இதில் குறுக்குவழி கிடையாது. பொது இடம்தானே என்று நினைக்காதீர்கள். தோட்டம் ஒரு சபைக்கோ, நகராட்சிக்கோ, தனிச் சங்கத்துக்கோ சொந்தமாக இருக்கும். இண்டியானாவில் பராமரிக்கப் பணமில்லாத பழைய கல்லறைகள் டவுன்ஷிப் டிரஸ்டீ என்ற உள்ளூர் நிர்வாகியின் பொறுப்பில் இருக்கின்றன. யாரிடம் கேட்க வேண்டும் என்று கண்டுபிடித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2005ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தின் கீழவை, அனுமதியின்றிக் கல்லறைகளிலும் வரலாற்று இடங்களிலும் கேச் வைப்பதைக் குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது சட்டமாகாமல் நின்றுபோனது. ஒருசிலர் கேட்காமல் வைத்தாலே எல்லோருக்கும் கதவு அடைபடலாம் என்று அன்று இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அதோடு, அந்தப் பராமரிப்பாளரிடமே கேளுங்கள். உயிரோடு இல்லையென்றால் குடும்பத்தாரிடம். பலர் இதை ஆச்சரியமாக வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். போய்ப் பேசிய பிறகுதான் நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த ஐந்து நிறுத்தங்களில் மூன்று தவறு என்று தெரிந்தது. ஒன்று, அண்மையில் மகனைப் புதைத்த ஒரு தாய் ஞாயிறுதோறும் வந்து உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. இன்னொன்று, மண் இறங்கிக்கொண்டிருக்கும் வரிசை. மூன்றாவது, நாங்கள் பெருமையாகக் காட்ட நினைத்த உயரமான ஸ்தூபி. ‘அதில் நான் செய்த வேலை எதுவும் இல்லை, இங்கே வாருங்கள்’ என்று கூட்டிப்போய், மூன்று துண்டாக உடைந்து கிடந்து, குளிர்காலம் முழுக்க அவர் ஒட்டிச் சேர்த்த ஒரு சின்னக் கல்லைக் காட்டினார். ஒட்டின கோடுகள் இரண்டு. எங்கள் சூத்திரத்தில் ‘ஈ’ என்பது அந்த 2. பெயர் போடலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

நிறுத்தங்களை மாறாத பொருட்களில் வையுங்கள். கொடி, பூச்சட்டி, வண்ணம் பூசிய பலகை இவையெல்லாம் அடுத்த வருடம் இருக்காது. கடைசிப் பெட்டியைத் தோட்டத்துக்கு வெளியே, அனுமதி வாங்கிய வேறோர் இடத்தில் வைப்பது நல்லது. வேலிக்கு அப்பால், கல்லறை எதுவும் பார்வையில் இல்லாத இடத்தில். புதைத்து வைக்கக்கூடாது, இது விளையாட்டின் அடிப்படை விதி. வேறொரு கேச்சின் பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர், அதாவது பத்தில் ஒரு மைல் தள்ளி இருக்க வேண்டும். பெட்டியில்லாத நிறுத்தங்களுக்கு இந்தத் தூரக்கணக்கு இல்லை. ரப்பர் வளையமும் இறுக்கும் மூடியும் உள்ள பெட்டியாக வாங்குங்கள், இண்டியானாவின் பனிக்கும் மழைக்கும் சாதாரணச் சமையலறை டப்பா ஒரு வருடம் தாங்காது. வெளியில் அது என்னவென்று எழுதி ஒட்டிவிட்டால், தற்செயலாகப் பார்ப்பவர் பயப்பட மாட்டார். பெட்டி வைக்க இடமே கிடைக்கவில்லையென்றால் அட்வென்ச்சர் லேப் என்ற பெட்டியில்லாத வகை இருக்கிறது.

எண்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று முறை போய் எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு இந்த விளையாட்டே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து நடக்கச் சொல்லிவிட்டு, பேசாமல் பின்னால் போங்கள். அவர் நின்று முழிக்கும் இடத்தில் வாக்கியத்தைத் திருத்துங்கள். தளத்துக்கு அனுப்பியதும் அதன் தன்னார்வ மதிப்பாய்வாளர் பார்ப்பார், அனுமதியைப் பற்றிக் கேட்பார். கடிதம் கையிலிருந்தால் வேலை சுலபம்.

வெளியானபின் அது உங்கள் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்த் தாள் நனைந்திருக்கிறதா, பெட்டியை நோக்கிப் புல்லில் ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதை விழுந்திருந்தால் சில மாதம் நிறுத்திவையுங்கள், அந்தப் புல்லை இப்போது வேறொருவர் வெட்டுகிறார், அவருக்கு நம்மால் வேலை கூடக்கூடாது. மெமோரியல் டேவுக்கு இரண்டு வாரம் முன்பே தளத்தில் தற்காலிகமாக முடக்கிவிட்டு, ஜூன் முதல் வாரம் திறவுங்கள். என்றைக்காவது தொடர முடியாமல் போனால் தளத்தில் ஆர்க்கைவ் செய்துவிட்டு, அதாவது தேடலை நிரந்தரமாக மூடிவிட்டு, நீங்களே போய்ப் பெட்டியை எடுத்துவந்துவிடுங்கள். லாக் தாள்களை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள்.